மூட்டைத் தராசில் ஏறி நின்று எழுதும் விமர்சனம்: மூன்று டப்பா ஊதாத் தூள்

எடை குறைக்கும் என்று விற்ற ஊதாத் தூளுக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன். அதில் ஒன்று மூடிக்கு.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு பத்துக்குத்தான் இறக்குவேன். முன்பெல்லாம் லோடு வந்தால் நானும் மூட்டைக்குத் தோள் கொடுப்பேன். இப்போது கல்லாவை விட்டு எழுந்திருப்பதே சாப்பாட்டுக்கும் மற்றதுக்கும்தான். 2003-இல் கல்யாணத்தன்று 61 கிலோ இருந்தேன். தானே புயலில் கடைக்கூரை பறந்துபோன 2011 கடைசியில் 69. இந்த வருஷம் சித்திரை ஒன்றாம் தேதி காலை, வெறும் வயிற்றில், கடையின் மூட்டைத் தராசில் ஏறி நின்றபோது 83.40. வருஷா வருஷம் முத்திரை போட்டு வாங்குகிற தராசு, பொய் சொல்லாது. ஐம்பது ஐம்பது கிராமாகத்தான் மாறிக் காட்டும். அந்த ஐம்பது கிராம் விஷயம் பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனி மாதம் கவர் வாங்க பாண்டி போயிருந்தேன். திரும்பும் வழியில் ஒரு இயற்கை அங்காடி. பெயர் சொல்லப்போவதில்லை, நானும் ஒரு கடைக்காரன், இன்னொருவன் பிழைப்பில் கை வைக்க விருப்பமில்லை. மண்பானையில் தண்ணீர், மூங்கில் அலமாரி, ஏசி. கடையை வைத்திருக்கும் நேர்த்தியைப் பார்த்து எனக்கே பொறாமை. கண்ணாடி மேஜையில் இந்த டப்பாக்களைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். ஊதா நிறத் தூள். மேலே நாவல்பழமும் சங்குப்பூவும் படமாக. "தாவர நிறமிகள், 90 நாளில் எடைக் குறைப்பு, ஹார்வர்டு ஆய்வு" என்று ஒரு துண்டுச் சீட்டு.

என் வயிற்றைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. "சார், ஒன்னேகால் லட்சம் பேரை வச்சு பண்ண ஆராய்ச்சி சார்" என்றாள். ஒரு டப்பா 200 கிராம், ரூ. 1,499. மூன்றாக எடுத்தால் ரூ. 3,999. அரைக்கிலோ உளுந்துக்கு அஞ்சு ரூபாய் குறைக்கச் சொல்கிறவர்களிடம் அரைமணி நேரம் வாதாடுகிற நான், ஒரு வார்த்தை பேசாமல் மூன்றையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ரெட்டிச்சாவடி தாண்டும்போதுதான் கிலோக் கணக்குப் போட்டேன். தனி டப்பா விலைப்படி கிலோ ரூ. 7,495. அந்தக் காசுக்குப் பண்ருட்டி முந்திரியில் முழுப்பருப்பாகவே பல கிலோ வாங்கலாம். வீட்டில் விலையைச் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

சரி, பொருளுக்கு வருகிறேன்.

பேக்கிங் அருமை. தகர டப்பா, உள்ளே அலுமினியத் தாள், அதன் மேல் ரப்பர் வளையம் வைத்த மூடி. கடலூர் உப்புக்காற்றில் பெருங்காயமே இரண்டு வாரத்தில் கட்டியாகிவிடும். இந்தத் தூள் நாற்பது நாளும் மாவு மாதிரியே இருந்தது. தாளைக் கிழித்ததும் உள்ளே இருந்ததைச் சின்னத் தராசில் கொட்டிப் பார்த்தேன். தொழில் புத்தி. 201 கிராம். எடையில் ஏமாற்றில்லை, அதற்கு ஒரு சபாஷ். உணவுப் பாதுகாப்பு உரிம எண் பதினான்கு இலக்கமும் இருக்கிறது, பச்சைப் புள்ளி இருக்கிறது, காலாவதித் தேதி இருக்கிறது.

தினம் காலையில் ஒரு ஸ்பூன், ஐந்து கிராம், வெந்நீரில். சுவை பரவாயில்லை. மண்வாசனையோடு லேசான இனிப்பு. நாவல்பழத்தின் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும் என்று காத்திருந்தேன், பிடிக்கவில்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை பாத்ரூமில் எட்டிப் பார்த்தேன். சிவப்பு. எனக்குக் கை கால் ஓடவில்லை. எங்கள் வீட்டில் சிறுநீரகக் கல் பரம்பரைச் சொத்து. அப்பா பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். கடையைத் திறக்காமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் பாண்டியில் பி.ஃபார்ம் மூன்றாம் வருஷம் படிக்கிறாள், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவளிடம், எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

"நேத்து பீட்ரூட் சாப்பிட்டீங்களாப்பா?"

"இல்லையே. உங்க அம்மா முருங்கைக்காய்தானே வச்சா."

"அந்தப் பவுடர் டப்பாவைக் கொண்டாங்க."

டப்பாவின் பின்பக்கம் எறும்பு வரிசை மாதிரி எழுத்து. செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தாள். சேர்மானங்கள்: பீட்ரூட் தூள், மால்டோடெக்ஸ்ட்ரின் (ஒரு மாவுச்சத்துத் தூள்), நாவல்பழத் தூள், சங்குப்பூத் தூள், எலுமிச்சைச் சுவை. எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். பாக்கெட் மசாலா விற்கிற எனக்கு அது தெரியாதா? மல்லித்தூள் முதலில் இருக்கும், மிளகு கடைசியில் இருக்கும். ஆனால் முன்பக்கத்தில் நாவல்பழப் படத்தைப் பார்த்த கண் பின்பக்கம் திரும்பவேயில்லை. பீட்ரூட் சாப்பிட்டால் பத்தில் ஒருவருக்குச் சிறுநீர் சிவக்குமாம், பயப்பட ஒன்றுமில்லையாம். அந்தப் பத்தில் ஒருவன் நான். மகள் பஸ் ஸ்டாண்டு வரை சிரித்துக்கொண்டே போனதாக அவள் தோழி பிறகு சொன்னாள்.

பீட்ரூட் கெட்டதென்று சொல்லவில்லை. ஆனால் துண்டுச் சீட்டு பேசுவது ஆந்தோசயனின் என்ற தாவர நிறமியைப் பற்றி. நாவல்பழம், சங்குப்பூ, கத்திரிக்காய்த் தோல், கவுனி அரிசி எல்லாவற்றிலும் ஊதாவோ நீலமோ கறுப்போ கொடுப்பது அதுதான். பீட்ரூட்டின் சிவப்பு வேறு குடும்பம், பீட்டாலைன் என்று பெயர். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் சொந்தபந்தமே கிடையாது. துவரம்பருப்பில் கேசரிப்பருப்பைக் கலக்கிற கதைதான். என்ன, இங்கே பின்பக்கத்தில் எழுதிவிட்டுக் கலந்திருக்கிறார்கள்.

காசு கொடுத்தாகிவிட்டதே என்று தொடர்ந்து குடித்தேன். எண்பது நாள், இரண்டு டப்பா. தினம் காலையில் தராசில் ஏறி, கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். அக்னி நட்சத்திரத்தில் ஆள் வராமல் நானே லோடு இறக்கிய மறுநாள் 82.50. மச்சினன் வீட்டுக் கிடா விருந்துக்கு மறுநாள் 84.10. ஜூலை 2, கடைசி நாள், 83.25. தொடங்கியதற்கு 150 கிராம் குறைவு. தராசில் ஐம்பது ஐம்பது கிராமாக மூன்று படி. ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் அதைவிட அதிகம் ஏறும். நோட்டைக் காட்டியதும் மகள் சொன்னாள், "இதுல குறைஞ்சதும் இல்ல, கூடுனதும் இல்ல. இது உங்க உடம்பு மூச்சு விடுறது."

அந்த ஹார்வர்டு ஆய்வு பொய்யா? இதுதான் எனக்கு உறுத்தியது. மகள் அதைத் தேடிப் பிடித்தாள். 2016 ஜனவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மோனிகா பெர்டோயா என்பவர் பெயர் முதலில் இருக்கிறது. உண்மையான ஆய்வுதான். ஞாயிறு மதியம் கடையை மூடிவிட்டு, வரிவரியாக எனக்குத் தமிழில் சொல்லச் சொன்னேன்.

அமெரிக்காவில் 1,24,086 பேர். நர்சுகள், பல் டாக்டர்கள், மருந்தாளுநர்கள் மாதிரி மருத்துவத் துறை ஆட்கள். 1986-இலிருந்து 2011 வரை, 24 வருஷம் வரை பின்தொடர்ந்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் தானே புயல் அடித்த வருஷத்தில் அங்கே கணக்கு முடிந்திருக்கிறது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை என்ன சாப்பிடுகிறீர்கள் என்று படிவம் நிரப்பச் சொல்லி, ஃப்ளேவனாய்டு என்ற தாவரச் சத்துகள் (ஆந்தோசயனினும் அதில் ஒரு வகை) எவ்வளவு உள்ளே போயின என்று கணக்கிட்டு, அதே நாலு வருஷத்தில் எடை எப்படி மாறியது என்று ஒப்பிட்டிருக்கிறார்கள். எடையும் அவரவர் எழுதிக்கொடுத்ததுதான், யாரும் தராசில் ஏற்றிப் பார்க்கவில்லை.

முடிவு இது. ஆந்தோசயனினைத் தினம் பத்து மில்லிகிராம் கூட்டிக்கொண்டவர்களுக்கு நாலு வருஷத்தில் சுமார் 100 கிராம் குறைவாக எடை ஏறியிருக்கிறது. டீயிலும் வெங்காயத்திலும் இருக்கிற ஃப்ளேவனால் என்ற இன்னொரு வகையில் ஏழு மில்லிகிராம் கூட்டியவர்களுக்குச் சுமார் 70 கிராம் குறைவு. நார்ச்சத்தால் வந்த பலனோ என்று அதைக் கழித்துப் பார்த்தபோதும் ஆந்தோசயனின் தாக்குப்பிடித்திருக்கிறது, கொஞ்சம் இளைத்தாலும்.

"திரும்பச் சொல்லு. எத்தனை கிராம்?"

"நூறு."

"எத்தனை நாளில்?"

"நாலு வருஷத்துலப்பா."

தராசைப் பார்த்தேன். இரண்டு படி. அதுவும் குறைந்த எடை இல்லை, ஏறாமல் நின்ற எடை. இதை எடுத்து "90 நாளில் எடைக் குறைப்பு" என்று சீட்டு அடித்தவன் எங்கள் பஜாருக்கு வந்தால் ஒரே வருஷத்தில் மாடி வீடு கட்டிவிடுவான்.

ஆனால் நூறு கிராம் என்றதும் நான் சிரிக்கவில்லை. எங்கள் தொழிலில் சிரிக்க மாட்டோம். ஐம்பது கிலோ பருப்பு மூட்டையைப் பிரித்துக் கால் கிலோ பொட்டலமாகப் போட்டால் இருநூறு பொட்டலம். பையன் கை தாராளமாகி ஒவ்வொன்றிலும் ரெண்டு கிராம் கூடப் போட்டால் மூட்டைக்கு 400 கிராம் போச்சு. யாரும் திருடவில்லை, கீழே சிந்தவில்லை, ஆனால் மாசக் கடைசியில் லாபத்தைக் காணோம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 22 வருஷத்தில் எனக்கு ஏறியது 22 கிலோ சொச்சம். நாளுக்கு மூன்று கிராம்கூட இல்லை. ஒரு சிட்டிகை கடுகு. இந்த உடம்பு விருந்தில் பெருத்தது இல்லை, சிட்டிகை சிட்டிகையாக வந்தது. அந்த அமெரிக்க ஆய்வு அளந்ததும் இந்தச் சிட்டிகையைத்தான். டப்பாக்காரர்கள்தான் அதை மூட்டையாக்கிக் காட்டுகிறார்கள்.

மகள் இன்னொன்றும் சொன்னாள், அதையும் மறைக்கக் கூடாது. அது சோதனை இல்லை, கவனிப்பு. தினம் பழம் தின்கிறவன் வேறு பல விஷயத்திலும் ஒழுங்காக இருப்பான். புகை, நடை எல்லாவற்றையும் கணக்கில் கழித்திருக்கிறார்கள் என்றாலும் முழுதாகக் கழிக்க முடியாது. ஆட்களும் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். அவர்கள் தின்றது ப்ளூபெர்ரி, ஸ்ட்ராபெர்ரி. நாவல்பழத்தை யாரும் அங்கே கேட்கவில்லை.

நான் கேட்டேன். ஆனி மாதமாகிவிட்டது, பஸ் ஸ்டாண்டு பக்கம் கூடைக்காரம்மா வந்துவிட்டார்கள். ஒரு டம்ளர் முப்பது ரூபாய், மேலே உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவார்கள். கால் கிலோ அளவு வாங்கி வந்தேன். வீட்டு வேலியில் சங்குப்பூக் கொடி இருக்கிறது, பத்துப் பூ பறித்து வெந்நீரில் போட்டேன். மூன்று கண்ணாடி டம்ளர்: ஒன்றில் நாவல்பழத் தோலைப் பிசைந்த தண்ணீர், ஒன்றில் சங்குப்பூ, ஒன்றில் நம் ரூ. 1,499.

எலுமிச்சை பிழிந்தோம். நீலச் சங்குப்பூ, கண் எதிரிலேயே மேலிருந்து கீழாக ஊதா இறங்கி, கலக்கியதும் ரோஸ் ஆகிவிட்டது. நாவல் தண்ணீர் பளீரென்று சிவந்தது. தூள் தண்ணீர் சிவப்பாக இருந்தது, சிவப்பாகவே இருந்தது. புதிதாக எடுத்து இன்னொரு வரிசை வைத்து ஆப்ப சோடா போட்டோம். நாவல் தண்ணீர் கலங்கலான பச்சை நீலம். சங்குப்பூவும் பச்சைக்குத் திரும்பியது. தூள், அதே சிவப்பு. ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், சோடா மாதிரிக் காரப்பொருளில் நீலமாகிப் பச்சையாகும். பீட்ரூட் இந்த அளவுக்கெல்லாம் அசையாது. தூளுக்குள் நாவலும் சங்குப்பூவும் இல்லாமல் இருக்காது, சேர்மானத்தில் எழுதியிருக்கிறார்களே. நிறம் மாறித் தெரிகிற அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். எத்தனை மில்லிகிராம் ஆந்தோசயனின் என்று டப்பாவில் எங்குமே போடவில்லை. பத்து மில்லிகிராமுக்கு ஆய்வு பேசுகிறது, இவர்கள் மில்லிகிராமே பேசவில்லை.

மிச்சப் பழத்தைத் தின்றுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தேன். வந்த வாடிக்கையாளர் ஒருவர், "என்னண்ணே, நாக்கு நீலமா இருக்கு?" என்றார். எண்பது நாளில் அந்தத் தூள் ஒருநாள்கூட என் நாக்கை நீலமாக்கியதில்லை.

பணம் வாபஸ் பற்றிச் சொல்ல வேண்டும். பலன் இல்லையென்றால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்று சீட்டில் இருக்கிறது. போன் செய்தேன். மூன்று காலி டப்பாவின் படம், முன்னும் பின்னும் எடுத்த என் படம், அவர்கள் தரும் உணவு அட்டவணையை 90 நாளும் பின்பற்றியதற்கான ஆதாரம் வேண்டும் என்றார்கள். அந்த அட்டவணையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். காலையில் ஒரு பழம், இரவில் இரண்டு சப்பாத்தி, எண்ணெய்ப் பலகாரம் கூடாது, தினம் 45 நிமிடம் நடை. இதைச் செய்கிறவனுக்குத் தூள் எதற்கு? ஆனாலும் போனில் பேசிய பையன் மரியாதையாகப் பேசினான். இரண்டாவது நட்சத்திரம் அவனுக்கு.

"நீ என்ன தின்கிறாய் இப்போது" என்று கேட்பீர்கள். நான் கடைக்காரன், என் சரக்கை விற்க எழுதுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. வாரம் இரண்டு நாள் காலையில் கவுனி அரிசிக் கஞ்சி. இரவே ஊறப்போட்டால் காலையில் தண்ணீர் கத்திரிப்பூ நிறத்தில் இருக்கும். அதைக் கொட்டிவிடாமல் அதிலேயே வேகவைக்க வேண்டும், நிறத்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. நிறம் தவிட்டில் இருப்பதால் தீட்டாத அரிசியாகப் பார்த்து வாங்குங்கள். அதுவும் அரிசிதான், கறுப்பு என்பதற்காக இரண்டு சொம்பு குடித்தால் தொப்பை கறுப்பாக வளராது, வழக்கம்போலத்தான் வளரும்.

சின்ன வெங்காயம் எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு. அதில் ஒரே மாற்றம்: தோல் உரிக்கும்போது சதையுள்ள முதல் அடுக்கையும் சேர்த்துப் பிய்த்துவிடுவது என் வீட்டுக்காரம்மா பழக்கம், சீக்கிரம் வேலை முடியுமே. குவெர்செட்டின் என்ற ஃப்ளேவனால் வெளி அடுக்குகளில்தான் அதிகம் என்று மகள் சொன்ன பிறகு உரிக்கும் வேலை எனக்கு வந்துவிட்டது. கல்லாவில் உட்கார்ந்து உரிக்கிறேன். வெந்தால் கொஞ்சம் தண்ணீரில் இறங்கும்; சாம்பாரில் அந்தத் தண்ணீரும் நம் வயிற்றுக்குத்தான் வருகிறது என்பதால் நஷ்டமில்லை.

டீதான் வம்பு. "டீயிலேயும் ஃப்ளேவனாய்டு இருக்குன்னு நீதானே படிச்ச" என்று நாளைக்கு ஆறு டீ குடிப்பதற்கு நியாயம் சொன்னேன். மகள் என் கடைச் சின்னத் தராசிலேயே எதிர்க்கடை டீயின் சர்க்கரையை நிறுத்துக் காட்டினாள். டம்ளருக்குப் பத்து கிராம். ஆறுக்கு அறுபது. நான் தினம் மூன்று கிராம் ஏறியதைப் பற்றிப் பெரிய கணக்கெல்லாம் போட்டுக்கொண்டிருந்தேன் அல்லவா, அவள் அந்தத் தராசை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டாள். இப்போது ஆறு டீதான், மூன்றில் சர்க்கரை இல்லை. மீதி மூன்றைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது.

தூளை வாங்கலாமா என்றால், வேண்டாம். ஆந்தோசயனினுக்காக என்றால் கண்டிப்பாக வேண்டாம். அதே காசுக்கு ஆனி ஆடி முழுக்க வீடே நாவல்பழம் தின்னலாம். பீட்ரூட்டுக்காக என்றால் உழவர் சந்தையில் கிலோ ஐம்பதுக்குள் கிடைக்கிறது. டப்பாவுக்காக என்றால் யோசிக்கலாம். காலியான இரண்டில் ஒன்றில் கட்டிப் பெருங்காயம் வைத்திருக்கிறேன், மழைக்காலம் வரட்டும், மூடி தாங்குகிறதா பார்ப்போம். இன்னொன்றைப் பஞ்சமுக விளக்குத் திரி வைக்க வீட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது டப்பா பிரிக்காமல் அப்படியே அலமாரியில் இருக்கிறது. காலாவதி அடுத்த மார்ச். யாராவது கல்யாணத்துக்குப் பீட்ரூட் அல்வா கிண்டுகிறீர்கள், நிறம் போதவில்லை என்றால் கடைக்கு வாருங்கள், சும்மாவே தருகிறேன். மறுநாள் காலை பாத்ரூமில் யாரும் பயப்படாமல் இருக்க, சாப்பிட வருகிறவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.